நிறை என்றால் நிறையவா?

பக்கத்து வீட்டுப் பையன் தரம் 4. கணக்கு வரவில்லை என்று அவன் அம்மா பின்னேரத்தில் என்னிடம் அனுப்புகிறார். முதல் நாள் கொப்பியைத் திறந்தால், '84 கிலோ மீனில் 57 கிலோ விற்கப்பட்டது, எஞ்சிய மீனின் நிறை யாது?' என்பதற்கு 141 என்று எழுதிப் பிழை வாங்கியிருக்கிறான். ஏன்டா கூட்டினாய் என்று கேட்டேன். "நிறை என்டா நிறையத்தானே அக்கா!"

நிறை என்றால் எடை என்பது அவனுக்குத் தெரியவில்லை. எனக்குப் பேச்சே வரவில்லை. சரி, கொப்பியை மூடிவிட்டு, "84 கிலோவில 57ஐ வித்தா மிச்சம் எவ்வளவு?" என்று வாயால் கேட்டேன். விரல்கூட மடக்காமல் 27 என்றான். திருகோணமலை அலஸ்தோட்டத்துக் கடற்கரையில் மீன் நிறுப்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளை, அவனுக்கா கணக்கு வராது? எஞ்சிய, நிறை, யாது என்ற தமிழ்தான் வரவில்லை, அப்படி அவன் வீட்டில் யாரும் கதைப்பதும் இல்லை. அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாளில் மொழி, கணிதம், சுற்றாடல் எல்லாம் கலந்து வரும், வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு எல்லாமே சறுக்கும், நாங்களோ இன்னொரு கணக்கு ரியூசனுக்கு அனுப்புகிறோம். வாசிப்பு தமிழ்ப்பாட வேலை என்று கணிதப் பாடத்தில் அதைத் தொடாமல் விடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படம், அட்டவணை, வரைபு எல்லாவற்றுக்கும் தனித்தனி வாசிப்பு இருக்கிறது. போன கிழமை திருகோணமலை மழைவீழ்ச்சிச் சலாகை வரைபு ஒன்றைக் காட்டினேன். நவம்பர், டிசம்பர்ச் சலாகைகள்தான் உயரம் என்று உடனே தொட்டுக் காட்டினான். பக்கத்தில் இருந்த 300 என்ன என்றால், "300 நாள் மழை." மாதத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டதும் முழித்தான், அப்புறம் தானாகவே விரலை மேலே நகர்த்தி, அச்சின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டி 'மில்லிமீற்றர்' என்று வாசித்தான். அதற்கு அரை மணித்தியாலம் போனது, போகட்டும். அடிமட்டத்தை எடுத்து மில்லிமீற்றர் எவ்வளவு என்று பார்த்தோம், 300 அவன் முழங்காலுக்குக் கிட்ட வந்தது.

பிறகு ஜூன், ஜூலைக் கட்டைச் சலாகைகளில் விரலை வைத்து, "இது அப்பா வெள்ளைக்காரரைப் படகில புறாத்தீவுக்கு ஏத்துற காலம்" என்றான். அதை நான் கேட்கவே இல்லை.