341இன் பொய்

மார்ச் 11, செவ்வாய்
வெள்ளவத்தையில் 101 பஸ்ஸுக்கு நின்றபோது பெறாமகள் கேட்டாள்: "சித்தப்பா, 101 முதன்மை எண் தானே? கெதியாக எப்படிக் கண்டுபிடிக்கிறது?" 2, 3, 5, 7 நான்காலும் வகுத்துப் பார், போதும் என்றேன். காரணிகள் சோடியாகத்தான் வரும். இரண்டுமே 10ஐத் தாண்டினால் பெருக்கம் குறைந்தது 121 ஆகிவிடுமே.

மார்ச் 12
20 இலக்க எண் என்றால்? அதன் வர்க்கமூலமே நூற்றுக்கணக்கான கோடி. அங்கே கைகொடுப்பவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா, 1640இல். n முதன்மை எண் என்றால், 2இன் (n−1)ஆம் அடுக்கை nஆல் வகுக்க மீதி 1 வரும் (n=2 மட்டும் விலக்கு). ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வர்க்கித்துக்கொண்டே போனால், 20 இலக்கத்துக்கும் ஏறத்தாழ 65 வர்க்கங்கள்தான். மீதி 1 வராவிட்டால் அது முதன்மை எண் அல்ல. ஒரு காரணிகூடத் தெரியாமலே அதைச் சொல்லிவிடலாம்! இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது அதிசயம்தான்.

மார்ச் 13, போயா
விடுமுறை. தேத்தண்ணியோடு கொப்பியை விரித்தோம். 341ஐ எடுத்தோம். 2இன் 10ஆம் அடுக்கு 1024, அதாவது 3×341+1. ஆகவே 340ஆம் அடுக்கிலும் மீதி 1. ஆனால் 341 = 11×31. அவளுக்கு முகம் வாடிவிட்டது.

சரி, பின்னோக்கிப் பார்ப்போம் என்றேன். 340ஐப் பாதியாக்கினால் 170, மறுபடியும் பாதியாக்கினால் 85. 85ஆம் அடுக்கில் மீதி 32. அதை வர்க்கித்தால் மீதி 1. முதன்மை எண்ணாக இருந்தால், வர்க்கித்தால் மீதி 1 தருவது 1 அல்லது 340 (341க்கு ஒன்று குறைவு, அதாவது −1 போல) மட்டுமே. 32 எப்படி வந்தது? அங்கேதான் பொய் பிடிபட்டது. அதுவுமல்லாமல் 32²−1 என்பது (32−1)×(32+1), அதாவது 31×33. காரணிகளே எட்டிப் பார்க்கின்றன! மில்லர் 1976இலும் ரேபின் 1980இலும் வளர்த்தெடுத்த சோதனையின் உயிர் இதுதான்.

மார்ச் 16, ஞாயிறு
64 பிட்டுக்குள் அடங்கும் எண் (2இன் 64ஆம் அடுக்கைவிடச் சிறியது) என்றால், 2 முதல் 37 வரையான 12 முதன்மை எண்களை ஒவ்வொன்றாக அடியாக (அடுக்கேற்றும் எண்ணாக) வைத்து இதைச் செய்தால் தவறே வராது. 2002இல் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் எந்த எண்ணுக்கும் ஐயமற்ற, இலக்கம் கூடினாலும் வேலை வெடித்துப் பெருகாத வழியைத் தந்தார்கள். நடைமுறையில் மில்லர்–ரேபின்தான் வேகம்.

561ஐ அவளிடமே விட்டிருந்தேன். அது 341ஐவிடப் பொல்லாதது: அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடியை வைத்தாலும் ஃபெர்மாவை ஏமாற்றும். இரவு கொப்பியோடு ஓடி வந்தாள். 2இன் 35, 70, 140, 280ஆம் அடுக்குகளின் மீதிகள்: 263, 166, 67, 1.

"சித்தப்பா, 67! 66இலே 3உம் 11உம் இருக்கு, 68இலே 17!"