சுவரைத் தின்ற அம்மா

தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மா எங்கள் லயத்துச் சுவரை, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுச் சுவரை, தின்றார். அடுப்படி மூலையில் பூச்சு உதிர்ந்து களிமண் தெரிந்த இடம். நகத்தால் சுரண்டுவார், கட்டியாக வந்தால் முந்தானையில் முடிந்துகொண்டு கொழுந்தெடுக்கப் போய்விடுவார். மழையில் சுவர் ஈரமான நாட்களில் அந்த வாசம் வந்தால் தின்னாமல் இருக்க முடியாதாம். எனக்கு அப்போது ஏழு வயது. நானும் ஒரு கட்டி தின்று பார்த்தேன். பல்லில் நறநறத்தது, நாக்கில் புகை வாசம்.

இப்போது இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நம் பாடப்புத்தகத்தில் சிங்க்குக்கு நாகம் என்று பெயர். அந்தப் பாடம் வந்தாலே பின்வரிசைப் பயல்கள் கையைத் தூக்கிப் படமெடுப்பார்கள். சரி, இவர்களுக்கு ஒரு கதையாவது சொல்லுவோம் என்று தேடியபோதுதான் ஆனந்த பிரசாத் என்ற மருத்துவரைப் பற்றிப் படித்தேன். பீகார்க்காரர். அமெரிக்காவில் படித்துவிட்டு 1958இல் ஈரானில் ஷிராஸ் நகரத்துக்கு வேலைக்குப் போகிறார். அங்கே ஒரு நோயாளி: வயது 21, பார்த்தால் பத்து வயதுப் பையன். மீசை இல்லை, கடுமையான இரத்தச்சோகை. சாப்பாடு வெறும் கோதுமை ரொட்டி. அதோடு தினமும் அரைக் கிலோ களிமண்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இரும்பு குறைந்தால் உடம்பு வெளுக்கும், சரி. ஆனால் ஆள் வளராமலேயே நிற்பானா? பிரசாத்துக்கு உறைத்தது அதுதான். நாகம் கிடைக்காத மிருகங்கள் வளராமல் போவது அதற்கு முன்பே தெரிந்த சங்கதி. தவிட்டோடு அரைத்து, புளிக்க வைக்காமல் சுடுகிற ரொட்டியில் பைட்டிக் அமிலம் நிறைய. அது இரும்பையும் நாகத்தையும் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். களிமண்ணும் அப்படித்தான். நாகம் எல்லாச் சாப்பாட்டிலும் இருக்கிறதே, மனிதனுக்கு எப்படிக் குறையும் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அவர் எகிப்துக்குப் போய், மண் தின்னாத பையன்களிடமும் இதே குறையை அளந்து காட்டினார். நாகம் கொடுத்ததும் சிலர் ஒரே வருடத்தில் ஐந்து அங்குலத்துக்கு மேல் வளர்ந்தார்கள். அப்படியும் அமெரிக்க உணவுச் சபை மனிதனுக்கு நாகம் தினமும் வேண்டும் என்று அளவு குறித்தது 1974இல்தான்.

தேயிலைக்கு நாகம் வேண்டுமா என்று யாரும் இப்படி இழுத்தடிக்கவில்லை. அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆள். 'சிங்க் அடிக்கிற நாள்' என்றால் வெள்ளைக் கல்கண்டு மாதிரி ஒரு உப்பைத் தண்ணீரில் கரைத்து, டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவார். நாக சல்பேட்டு. அது குறைந்தால் தேயிலை இலை சிறுத்து, அரிவாள் மாதிரி வளைந்து, கணுக்கள் நெருங்கிக் குத்தாக நின்றுவிடும். குட்டையாகிப் போகும் என்பார் அப்பா. செடி குட்டையானால் கொழுந்து குறையும், அதனால் உடனே கவனிப்பார்கள். 2016இல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டளவில் நூற்றுக்கு 17 பேர்; தோட்டப்புறத்தில் 32 பேர்.

அதற்காக எல்லாப் பழியையும் நாகத்தின் தலையில் போட மாட்டேன். காசு, மலையிலிருந்து வழிகிற பீலித் தண்ணீர், வயிற்றோட்டம், தாயின் உடம்பு என்று எத்தனையோ இருக்கிறது. எங்கள் ரொட்டியும் ஷிராஸ் ரொட்டி இல்லை. நம்முடையது தீட்டிய வெள்ளை மா. தவிட்டோடு பைட்டிக் அமிலம் போகும், கூடவே நாகத்திலும் முக்கால்வாசி போய்விடும். ரொட்டிக்கு மேலே ஒரு கோப்பை சாயத்தண்ணி, பால் சேர்க்காத தேநீர். அதிலுள்ள சாயமே இரும்பை மறிக்கும். கருவாடோ முட்டையோ இருந்தால் கொஞ்சம் ஈடுகட்டும். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் அது ஏது?

போன மாதம் என் மகனுக்கு வயிற்றோட்டம். ஜீவனி என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியோடு ஒரு மாத்திரை அட்டையும் தந்தார்கள். 2004இலிருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருகிற மருந்துதான்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் நாகம், பத்து முதல் பதினான்கு நாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் நாக சல்பேட்டு. அப்பா முதுகில் சுமந்த அதே உப்பு.

ராத்திரி இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். தம்பி ஐந்தடி ஒரு அங்குலம். "அப்பா டேங்கிலேருந்து எனக்கு ஒரு மூடி ஊத்தியிருக்கலாமே" என்றான். "வாந்தியெடுத்தே செத்திருப்ப" என்றார் அப்பா. அவரும் ஐந்தடி இரண்டுதான், அதனால் அம்மாவின் சுவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை.

அம்மா ரொட்டியைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில்தான் கேட்டார்: "அந்தப் பையன், ஈரான்காரன், அப்புறம் வளர்ந்தானா?"

இரும்பு மாத்திரையும் இறைச்சி சேர்ந்த நல்ல சாப்பாடும் கொடுத்ததில் அங்கே அப்படிப்பட்டவர்கள் தேறினார்கள், வளரவும் செய்தார்கள் என்றேன்.

"மண்ணு?"

"நிறுத்தியிருப்பாங்கம்மா."

"நான் அவன் பொறந்தன்னைக்கே நிறுத்திட்டேன்" என்று தம்பியைக் கரண்டியால் காட்டினார். "அதுக்கப்புறம் அந்த வாசமே வரல."