லைனை நிறுத்தாமல் பிஎல்சி நெட்வொர்க்கைப் பிரித்தது

வாகன உதிரிபாக ஆலை. அலுவலகக் கணினி, சிசிடிவி, மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி எல்லாமே 192.168.1 வரிசை ஐபி முகவரிகளில், ஒரே நெட்வொர்க். கணக்குப் பிரிவு லேப்டாப்பிலிருந்து பிரஸ் மெஷினின் பிஎல்சிக்கு பிங் (சோதனைச் செய்தி) போகும். நடுவே ஃபயர்வால் வைத்து இரண்டையும் பிரிக்க வேண்டியிருந்தது.

முதலில் நெட்வொர்க்கில் என்னென்ன இருக்கிறது என்ற கணக்கெடுப்பு. ஐடி வழக்கப்படி என்மேப் என்ற ஸ்கேன் கருவியை ஓட்டினால் ஆபத்து: பழைய பிஎல்சிகளின் ஈதர்நெட் கார்டு ஒரே நேரத்தில் சில இணைப்புகளைத்தான் தாங்கும். ஸ்கேன் அவற்றை நிரப்பிவிட்டால் ஆபரேட்டர் திரையான ஹெச்எம்ஐயின் தொடர்பு அறுந்துபோகும். சில மாடல்கள் ஃபால்ட்டுக்கே (பிழை நிலைக்கே) போய்விடும். அதனால் சுவிட்சில் டிராஃபிக்கின் நகலைத் தரும் மிரர் போர்ட் போட்டு, அதை வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தோம். சாதனம் பேசும் மொழியை போர்ட் எண்ணே காட்டும்: 102 என்றால் சீமென்ஸ், 502 மோட்பஸ், 44818 ஈதர்நெட்/ஐபி. பேனலுக்குள் இருக்கும் சாதாரண சுவிட்சோடு முடிந்துவிடும் டிராஃபிக் மிரரில் தெரியாது. பேனலைத் திறந்து கேபிளைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். மெஷின் சப்ளையர் விட்டுப்போன 4ஜி மோடமும், இரண்டு நெட்வொர்க் கார்டு போட்ட குவாலிட்டி கணினியும் அப்படித்தான் கிடைத்தன. ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போகும் இந்த வழிகள் இருக்கும்வரை அது வெறும் அலங்காரம்.

பிஎல்சியின் ஐபியை மாற்றவே இல்லை. அந்த முகவரி ஹெச்எம்ஐயிலும், பக்கத்து பிஎல்சியின் புரோகிராமிலும் எழுதப்பட்டிருக்கும். ஒன்றை விட்டாலும் லைன் நிற்கும். டிஹெச்சிபியில் ஓடும், அதாவது தானாக முகவரி பெறும், அலுவலகக் கணினிகளை வேறு சப்நெட்டுக்கு (வேறு முகவரி வரிசைக்கு) நகர்த்துவது எளிது. ஆனால் பல பிஎல்சிகளில் வெளி சப்நெட்டுக்கு வழிகாட்டும் கேட்வே முகவரி காலியாகவே இருக்கும். வேறு சப்நெட்டிலிருந்து கேட்டால் பதில் திரும்பாது. ஃபயர்வாலில் அனுப்புநர் முகவரியை மாற்றும் சோர்ஸ் நாட் போட்டு, கேள்வி அதே சப்நெட்டிலிருந்து வருவதுபோல் காட்டினால் போதும். யார் கேட்டார்கள் என்பது பிறகு ஃபயர்வால் லாகில்தான் தெரியும், அதைக் கட்டாயம் சேமிக்க வேண்டும்.

பிஎல்சி தன் ஐஓவோடு (சென்சார், வால்வு இணைப்புகளோடு) பேசும் புரொஃபிநெட்டின் நிகழ்நேரத் தரவுக்கு ஐபியே கிடையாது; ரவுட்டர் அதைக் கடத்தாது. அதனால் இரண்டுக்கும் நடுவே ரவுட்டர் வைக்கக் கூடாது. மெஷின் தரவைக் கணினிக்குத் தரும் பழைய ஓபிசி டிஏ, போர்ட் 135இல் தொடங்கி ஏதோ ஒரு போர்ட்டுக்குத் தாவும். அதற்கு விதி எழுதி மாரடிப்பதைவிட, 4840 ஒன்றே போதும் என்கிற ஓபிசி யுஏவுக்கு மாறுவது மேல்.

ஃபயர்வாலை முதலில் அனைத்தையும் அனுமதித்து லாக் மட்டும் எடுக்கும்படி விட்டோம். மாத இறுதி ஒன்றாவது அதில் அடங்க வேண்டும்; அன்று மட்டும் ஓடும் ரிப்போர்ட்கள் உண்டு.

தடுப்பு விதிகளைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு பிஎல்சியின் சிபியூவிலும் ஓடும் புரோகிராமை லேப்டாப் காப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நைட் ஷிஃப்டில் மாற்றிய டைமர் மதிப்புகள் காப்பியில் ஏறியிருக்காது. சீமென்ஸின் எஸ்7-300 பிஎல்சியிலிருந்து அப்லோட் செய்தால் சிம்பலும் (பெயர்களும்) கமென்ட்டும் (விளக்கக் குறிப்புகளும்) வராது. சப்ளையரிடம் மூல புராஜெக்டை வாங்கியே ஆக வேண்டும். சிபியூ சாவியை ரன் நிலையில் வைத்துக் கழற்றி, ஷிஃப்ட் இன்சார்ஜிடம் கொடுத்துவிட வேண்டும். 2017இல் சவுதி பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்புக் கன்ட்ரோலர்களுக்குள் ட்ரைட்டன் என்ற தீம்பொருள் நுழைய, புரோகிராம் நிலையில் விட்டிருந்த சாவி வழிவிட்டது.

ஆயுத பூஜைக்கு மெஷின்கள் எப்படியும் நிற்கும். அப்போது ஒவ்வொரு செல்லாக (மெஷின் குழுவாக) மாற்றி, தேவைப்பட்டால் பழையபடி திரும்ப, பழைய பேட்ச் கேபிளில் லேபிள் ஒட்டி அங்கேயே தொங்கவிட்டோம். பிறகு வந்த முதல் புகார் உற்பத்தித் தொகுதி ரிப்போர்ட்டில் நேரம் தப்பு என்பது. கடிகாரங்களைச் சரிசெய்யும் யுடிபி 123 போர்ட்டைத் திறக்க மறந்தால் கடிகாரங்கள் மெல்ல விலகும்.