கல்யாணச் சோறும் மாட்டின் வயிறும்

சென்னையில் கால்நடை மருத்துவம் பார்ப்பவனிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி, சுவரொட்டியைத் தின்னும் மாட்டுக்கு ஒன்றும் ஆகாதா என்பதுதான். தாளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. தாள் பெரும்பாலும் செல்லுலோஸ். கூழாக்கும்போதே, தாவரத்தை விறைப்பாக்கும், செரிக்காத லிக்னின் பெருமளவு நீக்கப்பட்டதென்றால், வைக்கோலைவிட எளிதாகவே செரித்துவிடும். (பிளாஸ்டிக் பை வேறு கதை.) நான் அஞ்சுவதெல்லாம், முகூர்த்தம் முடிந்து கல்யாண மண்டபத்துப் பின்வாசலில் கொட்டப்படும் சோற்றுக்குத்தான்.

செல்லுலோஸை உடைக்கும் நொதி மாட்டின் உடலில் சுரப்பதில்லை. அதன் நான்கு இரைப்பைகளில், நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் முதல் இரைப்பையில், காற்றுப் படாமல், ஏறக்குறைய 39 டிகிரி வெப்பத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடி என்னும் அளவில் வாழும் பாக்டீரியாக்களும், புரோட்டோசோவா என்னும் ஒற்றைச்செல் உயிர்களும், 1975 வரை புரோட்டோசோவா என்றே கருதப்பட்டுவந்த பூஞ்சைகளும்தான் நாரைச் சிதைக்கின்றன. அப்போது உண்டாகும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களை இரைப்பைச் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டின் ஆற்றலில் சுமார் 70 விழுக்காடு அவற்றிலிருந்தே வருகிறது. நான்காம் இரைப்பைக்குப் போய்ச்சேரும் நுண்ணுயிர்களோ தாமே செரிக்கப்பட்டுப் புரதமாகின்றன. ஆகவே மாட்டுக்குத் தீவனம் வைப்பது என்பது, இந்தக் கூட்டத்துக்குப் படியளப்பதே.

வைக்கோலை அசைபோடுகையில் ஊறும் உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும். சோற்றுக்கு அசைபோடும் வேலையே இல்லை. அதன் மாவுச்சத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்னும் பாக்டீரியா பெருகி லாக்டிக் அமிலம் சேர, கார அமில எண் (pH) 6க்குக் கீழே இறங்கும்போதே நாரைச் செரிப்பவை முடங்கத் தொடங்கும்.

“நேத்துலருந்து அசையே போடல டாக்டர், சோறுதான் துன்னுச்சு” என்பார் மாட்டுக்காரர். இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் மடக்கிய கையை அழுத்தினால், நிமிடத்துக்கு ஓரிரு முறை கையைத் தள்ள வேண்டிய இரைப்பை அசைவற்று, உள்ளே நீர் தளும்பும். குழாய் வழியே எடுத்த நீரில் புளித்த வாடை அடிக்கும். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், வழக்கமாகத் துள்ளியோடும் புரோட்டோசோவா ஒன்றுகூடக் கண்ணில் படாது.

சமையல் சோடா அமிலத்தை ஆற்றும். மடிந்த உயிர்களை மீட்காது. நல்ல மாட்டின் இரைப்பை நீரைத் துணியில் வடிகட்டிச் சூடு ஆறுமுன் புகட்டியாக வேண்டும். கிராமமானால் பக்கத்துக் கொட்டிலிலேயே அதற்கு வழி உண்டு. இங்கோ விடியற்காலையில் இறைச்சிக்கூடத்தில் வாங்கி, காற்றுக்கு இடம் விடாமல் பிளாஸ்கின் கழுத்துவரை நிரப்பி, நெரிசலுக்கு முன் வந்து சேர வேண்டியிருக்கிறது. அதன்பின் சில நாட்களுக்கு வைக்கோல்தான் என்று சொன்னால், இளைத்துப்போன மாட்டுக்கு வெறும் வைக்கோலா என்று வீட்டார் என்னிடம் சண்டைக்கு வருவதும் உண்டு.