கறுவாப்பட்டைத் தண்ணீரும் காலை சுகரும்

நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்தில் (சந்தையில்) "பட்டை" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது தீப்பெட்டி அட்டையைவிடத் தடித்த, செங்கருப்பு நிறத்தில் மரச்சில்லு மாதிரி ஒன்று. ஒடிக்க வேண்டுமென்றால் அம்மிக்குழவி வேண்டும். இது காசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. கறிமசாலாவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் "சுகருக்கு நல்லது" என்று தினமும் வெறும் வயிற்றில் குடிக்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கையில் இருப்பது எந்தப் பட்டை என்பதைத்தான்.

சுருள்பட்டை, சிலோன் பட்டை என்று தனியாகக் கேட்டால் கிடைப்பது வேறு மரத்துப் பட்டை. இளம் பழுப்பு நிறம். காகிதம் போன்ற மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, குறுக்கே பார்த்தால் சுருட்டு மாதிரி நிறைந்திருக்கும். விரலால் நசுக்கினாலே நொறுங்கும். வாயில் போட்டால் மெல்லிய இனிப்பு. காசியாவின் காரம் இருக்காது. காசியா ஒற்றை அடுக்காகச் சுருண்டு நடுவே ஓட்டையாக இருக்கும். பொடியாகிவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது. அதனால் பொடி வாங்காதீர்கள். பொடிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: 2024-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சில பிராண்டு பட்டைப் பொடிகளில் ஈயம் கூடுதலாக இருப்பதாக எச்சரித்தது.

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் விளையில் (தோப்பில்) கறுவா மரம் நிற்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமே பிபிஐ (சி) 1 என்ற கறுவா ரகத்தை வெளியிட்டிருக்கிறது. மரத்தை வெட்டிவிட்டு, அடியிலிருந்து தளிர்க்கும் கம்பு பெருவிரல் கனம் வந்ததும் மழை பெய்து ஈரம் ஏறிய நாளில் எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் பட்டை உரியாது. மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்த்தால் உள்பட்டை இளகும். கீறி உரித்து நிழலில் உலர்த்த வேண்டும். சுரண்டாமல் விட்டால் கசக்கும். கொழுக்கட்டை அவிக்கும் தெரளி இலையும் இதே குடும்பத்து மரம்தான், ஆனால் அதன் பட்டையை இதற்குப் பதிலாகப் போட வேண்டாம்.

இனி, பட்டை சுகரைக் குறைக்குமா?

இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது 2003-இல் பாகிஸ்தானில் நடந்த ஓர் ஆய்வு. டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 60 பேர், நாளுக்கு 1, 3, 6 கிராம் என்று 40 நாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை இறங்கியது. வாட்ஸ்அப்பில் சுற்றுவதெல்லாம் இதன் பேரப்பிள்ளைகள். அதிகம் பேசப்படாத விஷயம், 1 கிராம் எடுத்தவர்களுக்கும் 6 கிராம் எடுத்தவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது. அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்று நினைத்துக் குவியல் ஸ்பூன் போடுகிறவர்கள் கவனிக்கட்டும்.

அடுத்து வந்தவை அவ்வளவு உற்சாகமாக இல்லை. 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 10 ஆய்வுகளை, 577 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து, பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2013-இல் வெளியான இன்னொரு தொகுப்பில் 543 பேர். வெறும் வயிற்று அளவு சராசரி 24 மில்லிகிராம் சொச்சம் குறைந்தது, ஆனால் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைச் சொல்லும் ஹெச்பிஏ1சி (ரத்தப் பரிசோதனை அளவு) கவனிக்கத்தக்க அளவு அசையவில்லை. கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பது ஒருநாள் காலை அளவு அல்ல, அந்த மூன்று மாதக் கணக்குதான். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் அதை 1 முதல் 1.5 சதவீதப் புள்ளி வரை இறக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது காசியா. தினசரி உடம்புக்கு ஆகாததும் காசியாதான். பத்திரமான சுருள்பட்டையை வைத்துச் செய்த ஆய்வு சொற்பம். பரிசோதித்த பட்டை வேறு, குடிக்கத் தகுந்த பட்டை வேறு என்ற நிலையில்தான் இருக்கிறோம்.

காசியா ஏன் ஆகாது? அதில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது. சிலருக்கு அது ஈரலைப் பாதிக்கும். ஐரோப்பிய வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு நாளுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். காசியாப் பொடியில் சராசரியாகக் கிலோவுக்கு 3000 மில்லிகிராம் கூமரின் என்று வைத்தால், தட்டிவிட்ட ஒரு டீஸ்பூனில் (சுமார் 2.6 கிராம்) 7.8 மில்லிகிராம் வந்துவிடுகிறது. ஒரே ஸ்பூனில் வரம்பு தாண்டியாயிற்று. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேலேயே எல்லை. சுருள்பட்டையில் கூமரின் பேருக்குத்தான் இருக்கும். வாரம் இரண்டு நாள் குழம்பில் போடும் துண்டுக்கெல்லாம் இந்தக் கணக்கு வேண்டாம்.

குடிப்பதென்றால் இப்படி: சுருள்பட்டை 30 கிராம் எடை போட்டு வாங்குங்கள். அது ஒரு மாதம் ஓட வேண்டும். அப்போது நாளுக்கு 1 கிராம். தராசு தேடி அலைய வேண்டாம். ஒருநாள் பங்கை நொறுக்கி 200 மில்லி தண்ணீரில் சிறுதீயில் 10 நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். கட்டன் சாயாவிலும் போடலாம், சீனி போடாமல். பொடியை அப்படியே கலக்கினால் கொழகொழவென்று அடியில் தங்கும். உலர்பொடியை வாயில் கொட்டினால் மூச்சுக்குழலில் ஏறிவிடும். தேன் ஒரு மேசைக்கரண்டி சேர்ப்பவர்கள் 17 கிராம் சர்க்கரையைக் குடிக்கிறார்கள். கருப்பட்டியும் அதே கதைதான், என்ன சொன்னாலும்.

வாய் புண்ணானால், நாக்கு எரிந்தால் நிறுத்துங்கள். பட்டை ஒவ்வாமை அப்படித்தான் தலைகாட்டும். ஈரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அசிட்ரோம், வார்ஃபாரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் பட்டையை மருந்தளவில் தொட வேண்டாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக இறங்க இடமுண்டு. வியர்வை, கைநடுக்கம், கண் மங்கல் வந்து மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைப்பதற்குப் பட்டைத் தண்ணீர் காரணமாகாது.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். நேற்று 148, இன்று 136, பட்டை வேலை செய்கிறது என்பார்கள். வீட்டு மீட்டருக்கு 15 சதவீதம் வரை முன்பின் காட்ட அனுமதி உண்டு. 148-உம் 136-உம் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். குடிக்கத் தொடங்கும் முன் ஏழு காலை, எட்டு வாரம் கழித்து ஏழு காலை அளந்து சராசரிகளை ஒப்பிடுங்கள். ஹெச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். இடையில் சாப்பாட்டை மாற்றினால் எதனால் இறங்கியது என்று தெரியாது. நடுவில் ராத்திரி மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளியை) விட்டவருக்கு இறங்கியது கிழங்கை விட்டதாலாகவே இருக்கலாம்: 200 கிராம் கிழங்கில் 75 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. சாளைக்கறியை வைத்துக்கொண்டு கிழங்கைப் பாதியாக்கினாலே எந்தப் பட்டையும் தராத வித்தியாசம் தெரியும்.

ஏத்தன்பழம் உரித்த கையோடு குத்தினால் மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். சோப்பு போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. குமரி மாவட்டத்தில் நமக்கு ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு மழை. திறந்து வைத்த ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் ஈரம் புகுந்தால் அளவு கன்னாபின்னாவென்று வரும். ஒன்றை எடுத்ததும் மூடியை அழுத்தி மூடிவிட்டுத்தான் விரலைக் குத்த வேண்டும்.