கொப்பியும் கோப்பியும்

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த வாத்தியார், மாரி மழை கூரையில் இரைகிற நாட்களில் இலக்கணத்தை மூடிவைத்துவிட்டுக் கதை சொல்வார். விக்டர் ஹியூகோவின் பெரிய நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கிய 'ஏழை படும் பாடு' அவருடைய மேசையில் இருக்கும், திறக்கமாட்டார். பாண் திருடிப் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்த ழான் வல்ழான், நம் ஊர் ஒழுங்கையால் நடந்து வருவதுபோல இருக்கும்.

பின்வாங்கில் இருந்த நான் கேட்டபடியே கொப்பியில் படம் கீறுவேன். வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிய ழான் வல்ழானுக்கு ஆயர் தன் வெள்ளி மெழுகுதிரித் தண்டுகளையும் கொடுக்கும் கட்டத்தில் எனக்குத் தெரிந்த விளக்கையே கீறினேன்: இரண்டு குத்துவிளக்கு. மைப்போத்தல் சரிந்தது. பரவிய கறையை என்ன செய்வது? விரலால் இழுத்து இரவாக்கினேன். நிமிர்ந்தால் வாத்தியார்.

"ஆயர் வீட்டில் குத்துவிளக்கு ஏதடா?"

வகுப்பே சிரித்தது. இரண்டு அடி விழுந்தது. விளக்குக்கு அல்ல, மைக்கறைக்கு.

பாரிசுக்கு வந்து ஆண்டுக்கணக்காகக் கோப்பை கழுவிய எனக்கு, அந்த ஹியூகோவின் வீடு இதே நகரத்தில் இருப்பதை என் மகள்தான் சொன்னாள். கார் து நோர் நிலையத்தில் ஐந்தாம் இலக்க மெட்ரோ எடுத்தால் பஸ்தீல். அங்கிருந்து சிறிது நடந்தால் பிளாஸ் தே வோஜ் சதுக்கம், ஆறாம் இலக்கம். 1832 முதல் 1848 வரை அவர் குடியிருந்த இரண்டாம் மாடி, 1903 முதல் அருங்காட்சியகம்.

எழுத்தாளரின் மேசையைப் பார்க்கப் போன எனக்குப் படங்கள் காத்திருந்தன. ஏறக்குறைய நாலாயிரம் கீறியிருக்கிறாராம். தாள் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் சிலதையே மாற்றி மாற்றி வெளியில் வைப்பார்கள். பாழடைந்த கோட்டைகள், புயலில் அகப்பட்ட கப்பல்கள், எல்லாமே கபில இருட்டு. மை, கரி, புகைக்கரி, ஏன், குடித்து மிஞ்சிய கோப்பியும்கூட! சரிகைப் பின்னலை மையில் தோய்த்துத் தாளில் ஒற்றியிருக்கிறார். மையைக் கொட்டி, அது போன வழியில் கோட்டை கட்டியிருக்கிறார். நான் அடி வாங்கிய அதே குற்றம்.

1851 டிசம்பரில் பிரான்சின் அதிபர் லூயி நெப்போலியன் ஆட்சியை முழுதாகக் கைப்பற்றியபோது தப்பியோடிய ஹியூகோ, பிரசல்ஸ், பிறகு ஜேர்சி, கேர்ன்சித் தீவுகள் என்று இருந்து 1870 செப்டம்பரில்தான் திரும்பினார். 1859 இல் பொது மன்னிப்பு வந்தபோதும் போகவில்லை. ழான் வல்ழானைப்போல் இவருக்கும் பத்தொன்பது ஆண்டு! அந்த இருண்ட படங்களில் பல தீவில் கீறியவை. கடல் தெரியும் அறையில் இருந்துகொண்டு மனிதர் கடலையே திரும்பத் திரும்பக் கீறியிருக்கிறார். எங்களில் பலருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1854 இல் கேர்ன்சியில் ஒரு கைதியைத் தூக்கிலிட்டதை எதிர்த்து எழுதியவர், தூக்கில் தொங்கும் மனிதனையும் கீறினார். எனக்கு அவருடைய கோட்டைகளைவிட அந்தப் படம்தான் பெரிது.

2003 இல், போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், ஊருக்குப் போய் வாத்தியாரைக் கண்டேன். சாய்மனைக் கதிரையில் இருந்தார். மை, கோப்பி, சரிகை எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"அப்படியென்றால் அந்த இரண்டு அடியும் பிழை, தம்பி" என்றார். பிறகு கண்ணைத் திறந்தார். "ஆனால் குத்துவிளக்கு குத்துவிளக்குத்தான். அது பிழை."