ஊதியதும் நடந்ததும்

ஜூன் 3, 2025, செவ்வாய்

இன்று ஸ்பைரோமெட்ரி, அதாவது நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே விடுகிறது என்று ஊதவைத்துப் பார்க்கும் சோதனை. காலையில் இன்ஹேலர் எடுக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம் அளந்தார்கள். வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்து 'உங்களுக்கு இவ்வளவு இருக்க வேண்டும்' என்று கணக்குப் போடுகிறது மெஷின்.

மூக்கில் கிளிப், வாயில் குழாய். "நல்லா இழுங்க சார்... இப்ப டக்குன்னு ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு!" அந்த டெக்னீஷியன் பெண்ணின் குரல் வராந்தா வரை கேட்டிருக்கும். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்த பிறகும் காற்று சன்னமாக வந்துகொண்டே இருந்தது. எனக்கிருக்கும் சி.ஓ.பி.டி.யின், அதாவது மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நோயின், அடையாளமே அதுதானாம்: காற்று இருக்கிறது, வெளியே வர நேரம் பிடிக்கிறது. தலை கிறுகிறுத்தது. குறைந்தது மூன்று தடவை சரியாக ஊத வேண்டும், அதில் சிறந்த இரண்டுக்கும் 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் கூடாது. அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் மருந்து நாலு பஃப், கால் மணி நேரம் காத்திருப்பு, மறுபடி முதலிலிருந்து.

மருந்துக்குப் பின் முதல் நொடியில் வெளிவந்தது 1.20 லிட்டர். மொத்தமாக ஊதியது 2.50. வகுத்தால் 0.48, 0.70க்குக் கீழே போனாலே அடைப்புதான். அந்த 1.20 லிட்டரும் என் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 48 சதவீதம்தான். காலமெல்லாம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவனுக்கு 35க்கு மேல் எல்லாம் பாஸ். இங்கே 30 முதல் 49 வரை 'கடுமை'.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. விறகடுப்பும் ஊதாங்குழலும்தான். அவருக்கும் இதே நோய். நான் சிகரெட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

ஆறு நிமிட நடை. 30 மீட்டர் வராந்தா, இரண்டு முனையிலும் ஆரஞ்சு கூம்பு, விரலில் ரத்தத்து ஆக்ஸிஜனைச் சதவீதத்தில் காட்டும் ஆக்ஸிமீட்டர். ஓடக் கூடாது, நிற்கலாம், சுவரில் சாயலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. பிசியோதெரபிஸ்ட் கூடவே நடந்து வரவும் கூடாதாம், நம் வேகம் மாறிவிடும் என்று. நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரே குரலில், "நல்லா நடக்கிறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு." நான் ஏதோ கேட்டதற்குப் பதிலே இல்லை. விதி அப்படி.

318 மீட்டர். ஆக்ஸிஜன் 96லிருந்து 89. மூச்சுத் திணறல் எவ்வளவு என்று பூஜ்யம் முதல் பத்துக்குள் சொல்லச் சொன்னார்கள், ஐந்து என்றேன். கால் சோர்வு? அதற்கும் ஐந்து. காலைப் பற்றி எதற்குக் கேட்கிறார்கள் என்று அப்போது விளங்கவில்லை. அரை மணி நேரம் கழித்து இன்னொரு தடவை நடக்கவிட்டார்கள், பழகிய பிறகு தூரம் கூடுவது வழக்கம் என்பதால். எனக்குக் கூடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மழை. மகள் போனில் இதையெல்லாம் தேடிப் படித்தேன். 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் தண்ணீர்த் தொட்டி வைத்த கருவியில் 2,130 பேரை ஊதவைத்து அளந்திருக்கிறார். அவர் பார்த்தது மொத்தக் கொள்ளளவை. அதை நேரத்தோடு சேர்த்துப் பார்க்கும் யோசனை பிரான்சில் டிஃப்னோவுக்கும் பினெல்லிக்கும் 1947இல்தான் வந்தது. அளவை நேரத்தால் வகுக்க நூறு வருஷமா! நடை சோதனை இன்னும் பிந்தியது: 1976இல் பிரிட்டனில் நோயாளிகளைப் பன்னிரண்டு நிமிடம் நடக்கவிட்டார்கள், பாவம். 1982இல்தான் ஆறு போதும் என்று கண்டார்கள்.

ஜூன் 18, புதன்

பயிற்சி வகுப்பு. உட்கார்ந்திருக்கும்போது சும்மா இருக்கும் மூச்சு, மாடிப்படி ஏறினால் ஏன் அடைக்கிறது என்று இன்றுதான் புரிந்தது. இறங்குபவர்கள் இறங்குவதற்குள் ஏறுபவர்கள் முண்டியடிக்கும் டவுன் பஸ் போல, பழைய காற்று முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு உள்ளே வந்துவிடுகிறது. நெஞ்சு உப்பிக்கொண்டே போகிறது, புதுக் காற்றுக்கு இடமில்லை. உதட்டைக் குவித்து மெதுவாக விட்டால் இறங்க அவகாசம் கிடைக்கிறது. ஊதாங்குழல் அம்மாவுக்கு இது சட்டென்று வந்துவிட்டது.

காலின் கதையும் தெரிந்தது. மூச்சு வாங்கும் என்று பயந்து நடக்காமல் இருந்து இருந்து தொடைத் தசை கரைந்துவிட்டது. பலவீனமான தசை சீக்கிரம் களைக்கும், அதற்கே அதிக மூச்சு வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னார்கள். எளிது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டு சோதனையும் மறுபடி. முதல் நொடியில் ஊதியது 1.19 லிட்டர்; எனக்கு முகம் வாடிவிட்டது. டாக்டர் சிரித்தார். "அது ஏறாது சார். பயிற்சி நுரையீரலை மாத்தாது, உங்களைத்தான் மாத்தும்." நடந்தது 372 மீட்டர். 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது அவர்கள் கணக்கு, எனக்கு 54. ஆக்ஸிஜன் இன்றும் 89க்கு இறங்கியது, அதைக் கவனித்துக்கொண்டே இருப்பார்களாம்.

ஒரே ஆளுக்கு இரண்டு மார்க் ஷீட். எதைப் பார்ப்பது என்று கேட்டால், காய்கறிக் கடை வரை போய்வர வேண்டியவன் இரண்டாவதைத்தான் பார்ப்பேன். அடுத்த வாரத்திலிருந்து கணுக்காலில் ஒரு கிலோ மணல் பை கட்டிப் பயிற்சி. அதை நானே தைத்துக்கொள்ள வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.